ஏற்றத்தில் பின்நின்று தள்ளிய இஞ்சின்கள்

பேராக் மாநிலத்தின், ஏன், மலாயா முழுமைக்குமே முதலாவதான இரயில் பாதை 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் திறக்கப்பட்டது. தைப்பிங் நகருக்கும் போர்ட் வெல்ட் என அன்று அழைக்கப்பட்ட கோல செப்பெத்தாங் துறைக்கும் இடையே அமைந்த அந்தப் பாதையின் நீளம் 8 மைல்தான். லாருட் வட்டாரத்து ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். அதனை அமைப்பதற்கு இலங்கையிலிருந்து ‘பயனியர்’ படைப்பிரிவுகள் தருவிக்கப்பட்டன. ‘படை’ என்று பெயரே தவிர, அவர்கள் கையிலிருந்தவை மண்வெட்டியும் கடப்பாரையும்தாம்.

அதே 1885-ஆம் ஆண்டில் இலங்கையில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் தகும். கொழும்பிலிருந்து மலையகத்தை நோக்கிச் சென்ற பெரும்பாதை அவ்வாண்டில் நானுஓயா வரை எட்டிவிட்டது. நானுஓயா கடல் மட்டத்திற்கு மேல் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம்முடைய தைப்பிங் பாதையோ சேற்று நிலத்திலும் சதுப்புக் காட்டிலும் சமதளமாக ஓடியது. ஒன்று தரையில் ஊர்ந்தது. மற்றொன்று வானை நோக்கி ஏறியது. ஆனால் இரண்டிலும் மண் சுமந்தவர்களும் தண்டவாளம் தூக்கியவர்களும் பெரும்பாலும் நம்மவர்களே.

‘கம்பிச் சடக்கு’ என்று நம் பெரியவர்கள் அழைத்த இரயில் பாதையின் வரலாற்றைப் பேசும்போது பாலம், நிலையக் கட்டடம், திறப்பு விழாவிற்கு வந்த துரை, சுல்தான் ஆகியோரைப் பற்றிப் பேசுகிறோம். இக்கட்டுரையில் அதிகம் பேசப்படாத ஒன்றைப் பற்றி அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன். மலை ஏற்றங்களில் இரயிலின் பின்னால் நின்று அதனைத் தள்ளிக் கொடுத்த துணை இஞ்சின்களைப் பற்றியதே அது.

இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரம் உருள்வதால் இரயிலுக்கு ஒரு பெரும் நன்மை உண்டு. மிகக் குறைந்த விசையில் மிகப் பெரும் பாரத்தை இழுக்கலாம். சமதளத்தில் ஒரு டன் பாரத்தை நகர்த்த ஏறத்தாழ 3 கிலோ எடையின் இழுவிசை போதும். 300 டன் எடையுள்ள ஒரு வண்டித் தொடரை ஒரு டன்னுக்கும் குறைவான இழுவிசையால் ஓட்டிவிடலாம். மாட்டு வண்டியில் இது கனவிலும் நடவாது.

ஆனால் இந்த நன்மையே ஏற்றம் வந்தவுடன் தீமையாக மாறிவிடுகிறது. 45 அடி தூரத்திற்கு 1 அடி உயரும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது சரிவாகவே தோன்றாது. மோட்டார் வண்டி கியர் மாற்றாமல் ஏறிவிடும். ஆனால் அந்த 300 டன் வண்டித் தொடரின் எடையில் 45-இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய ஆறே முக்கால் டன், அதனைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். சமதளத்தில் ஒரு டன். ஏற்றத்தில் ஏழரை டன். இஞ்சினின் பலம் மட்டும் இதற்குப் போதாது. சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் பிடிமானமும் வேண்டும். உந்து சக்கரங்களின்மேல் 40 டன் எடை அழுத்தினால், உலர்ந்த தண்டவாளத்தில் அதில் கால் பங்கு, அதாவது 10 டன் அளவுக்கே பிடிமானம் கிடைக்கும். மழை பெய்து தண்டவாளம் நனைந்துவிட்டால் அதுவும் பாதியளவுக்குக் குறைந்துபோகலாம். அப்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. அதனால்தான் நீராவி இஞ்சின்களில் மணல் பெட்டி ஒன்று வைத்திருப்பார்கள். சக்கரம் வழுக்கும் இடத்தில் குழாய் வழியாக உலர்ந்த மணலைத் தண்டவாளத்தில் தூவிக்கொண்டே ஏறுவார்கள்.

அப்படியும் ஏற முடியாவிட்டால் வழிகள் மூன்றே. பாரத்தைக் குறைக்கலாம், வண்டித் தொடரை இரண்டாகப் பிரித்து இருமுறை ஏற்றலாம், அல்லது இன்னோர் இஞ்சினைத் துணைக்குச் சேர்க்கலாம். மாட்டு வண்டிக் காலத்திலேயே நம் முன்னோர் அறிந்திருந்த முறைதான் இது. கணவாய் ஏற்றத்தின் அடியில் கூடுதலாக ஒரு சோடி மாடு பூட்டி, உச்சி சேர்ந்ததும் அவிழ்த்து விடுவார்கள்.

துணை இஞ்சினை முன்னால் சேர்ப்பதா, பின்னால் சேர்ப்பதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை நம் திருத்தேரிலேயே இருக்கிறது. தேர்த் திருவிழாவில் வடம் பிடித்து இழுப்பவர்களைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். ஆனால் பெருந்தேர்களில் வடம் மட்டும் போதாது. பின்புறம் நின்று சக்கரத்தின் அடியில் உந்துமரம் கொடுத்துக் கிளப்பிவிடுவோர் வேண்டும்; முட்டுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தோடு சக்கரமாக நடந்து, தேரைத் திருப்பவும் நிறுத்தவும் வல்லவர்கள் வேண்டும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் அமைத்துக் கொடுத்ததும், முன்னால் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கையில் பின்னாலிருந்து புல்டோசர்கள் தள்ளிக் கொடுப்பதும் நாம் அறிந்த செய்திகளே. முன்னால் மட்டுமே இழுத்தால் முழுப் பாரமும் வடத்தின்மேல் விழும். வடம் அறுந்தால் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இரயிலிலும் அதே நியாயந்தான். இரண்டு இஞ்சின்களும் முன்னால் நின்று இழுத்தால், முதல் பெட்டியின் கொக்கி முழு வண்டியின் பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கும். பழைய காலத்துக் கொக்கிகள் அவ்வளவு வலுவானவை அல்ல. ஏற்றத்தின் நடுவே ஒரு கொக்கி அறுந்துவிட்டால் பின்பாதி வண்டி சரிவில் தானாக ஓடத் தொடங்கும். ஆட்களை ஏற்றிய வண்டியாக இருந்தால் அது எவ்வளவு பெரிய கேடு! பின்னால் ஓர் இஞ்சின் நின்று தள்ளும்போது கொக்கியின் சுமையில் ஒரு பங்கு குறைகிறது. அறுந்து போனாலும் பெட்டிகள் பின்னோக்கி ஓடாமல் அந்த இஞ்சின் தாங்கிக்கொள்கிறது.

ஆனால் இம்முறையில் ஒரு சங்கடம் உண்டு. முன் இஞ்சின் ஓட்டுநரும் பின் இஞ்சின் ஓட்டுநரும் ஒருவரையொருவர் காண முடியாது. பின்னால் இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் கடைசிப் பெட்டியின் முதுகு மட்டுமே. பாதையும் தெரியாது, கைகாட்டி மரமும் தெரியாது. கம்பியில்லாக் கருவிகள் இல்லாத அக்காலத்தில் ஊதல் ஒலியே அவர்களுக்கு மொழியாக இருந்தது. முன்னவர் ஊதுவார், பின்னவர் பதில் ஊதுவார், அதன் பிறகே இருவரும் நீராவியைத் திறப்பர். பின்னவர் அவசரப்பட்டு அளவுக்கு மீறித் தள்ளினால் வளைவான இடத்தில் நடுப்பெட்டிகள் தண்டவாளத்தை விட்டு எழும்பிவிடும். தள்ளுவதில் குறைந்தால் முன்னவர் திணறிப்போவார். உச்சியை அடைந்ததும் துணை இஞ்சின் கழற்றப்பட்டு, தனியாக மலையடிவாரத்திற்கு இறங்கி, அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கும். நாள் முழுவதும் இதே வேலை. எந்த ஊருக்கும் போய்ச் சேராத இஞ்சின் அது.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்குத் தெற்கே உள்ள லிக்கி ஏற்றம் இதற்குப் பெயர் பெற்றது. 1840-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை இரண்டு மைல் தூரத்திற்கு ஏறக்குறைய 38-க்கு 1 என்ற சரிவில் ஏறுகிறது. அங்குத் தள்ளுவதற்கென்றே 1919-இல் பத்து உந்து சக்கரங்கள் கொண்ட ஓர் இஞ்சினைச் செய்தார்கள். ‘பெரிய பெர்த்தா’ என்பது தொழிலாளர் அதற்கு இட்ட பட்டப்பெயர். இருட்டில் வண்டியின் பின்புறத்தை மோதாமல் அணைவதற்காக அதற்கு ஒரு பெரிய மின்விளக்கும் பொருத்தியிருந்தார்கள். 1956 வரை, ஏறத்தாழ 37 ஆண்டுகள், அந்த இரண்டு மைலிலேயே அதன் காலம் கழிந்தது.

நம் கதைக்கு நெருக்கமான மலை பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே உள்ள போர் கணவாய். 37 அடிக்கு 1 அடி என்ற கடுமையான சரிவுள்ள அந்தப் பாதை 1863-இல் திறக்கப்பட்டது. ஒரு கட்டத்தில் 40,000-க்கும் அதிகமான தொழிலாளர் அங்கு வேலை செய்தனர். காலராவிலும் விபத்திலும் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். முதலில் அந்த ஒப்பந்தத்தை எடுத்தவர் வில்லியம் பிரடெரிக் பேவியல் என்ற ஆங்கிலேயர். அவர் 1859-இல் அதனைக் கைவிட்டார். அடுத்து வந்த சாலமன் டிரெட்வெல் இந்தியா வந்து சேர்ந்த சில நாட்களிலேயே நோயுற்று இறந்துபோக, அவருடைய மனைவியார் ஆலிஸ் டிரெட்வெல் அம்மையார் ஒப்பந்தத்தைத் தம் பெயரில் ஏற்று முடித்துக் கொடுத்தார். இன்றும் கர்ஜத் நிலையத்தில் பூனா செல்லும் வண்டிகளின் பின்னால் துணை இஞ்சின்கள் சேர்ந்து லோனாவ்லா வரை தள்ளிச் செல்வதைப் பார்க்கலாம். நீராவி போய் மின்சாரம் வந்துவிட்டது. தள்ளுவது மட்டும் மாறவில்லை.

போர் கணவாயைக் கைவிட்ட அதே பேவியல்தான் பின்னர் இலங்கைக்குச் சென்று கொழும்பு - கண்டி பாதையை அமைத்தார். 1867-இல் கண்டிக்கு இரயில் சென்றது. அப்பாதையில் இரம்புக்கணை என்ற நிலையம் வரை பெரிய தொல்லை இல்லை. அங்கிருந்து கடுகண்ணாவை வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் அளவுக்கு ஏற வேண்டும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பாதாளம். சரிவு ஏறக்குறைய 45-க்கு 1. இரம்புக்கணையில் வண்டி நிற்கும்; பின்னால் துணை இஞ்சின் வந்து மெல்ல அணையும்; ஊதல்கள் மாறி மாறி ஒலிக்கும்; வண்டி ஏறத் தொடங்கும். மலையேறும் வண்டி தண்ணீர் பிடிக்கவும் இஞ்சின் சேர்க்கவும் நிற்கும் நேரத்தில் பிளாட்பாரத்தில் வடையும் பழமும் விற்றுப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ! ஏற்றத்தினால் உண்டான ஊர்கள் உலகமெங்கும் உண்டு. இரம்புக்கணையும் கர்ஜத்தும் அப்படிப்பட்டவை.

இந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது? மலைநாட்டுக் காப்பியைக் கொழும்புத் துறைமுகத்திற்குக் கொண்டுவரத்தான். அதற்கு முன்பு தென்பாண்டி நாட்டிலிருந்தும் திருச்சிச் சீமையிலிருந்தும் சென்ற நம் மக்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாகவே மாத்தளைக்கும் கண்டிக்கும் போனார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. காப்பி கீழே இறங்க இரயில் வந்தது. கூலிகள் மேலே ஏற அவர்களுடைய கால்களே இருந்தன. காப்பிக்குப் பின்னர் தேயிலை வந்தது. பாதை 1874-இல் நாவலப்பிட்டிக்கும், 1885-இல் நானுஓயாவுக்கும், 1924-இல் பதுளைக்கும் சென்றது. பட்டிப்பொலை என்ற இடத்தில் அது 1,898 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றும் இறங்கி வந்த வழி இது. அரிசி மூட்டை ஒவ்வொன்றும் ஏறிப்போன வழியும் இதுவே.

தமிழகத்திலும் இத்தகைய ஏற்றங்கள் இரண்டு உண்டு. ஒன்று செங்கோட்டை - புனலூர் பாதை. திருநெல்வேலியையும் கொல்லத்தையும் இணைக்கும் இந்தப் பாதையில் 1904-இல் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. குற்றாலச் சாரல் முகத்தில் படும் இடத்திலிருந்து புறப்பட்டு, ஆரியங்காவு குகையைக் கடந்து, மலைச்சரிவில் பதின்மூன்று கண் பாலத்தின்மேல் ஏறிச் செல்லும். ஆரியங்காவு ஐயப்பனைத் தரிசிக்கச் சென்ற நம் அன்பர்கள் சிலர் அந்தப் பாலத்தைப் பார்த்திருக்கக்கூடும். மீட்டர்கேஜ் காலத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு இஞ்சின்களோடுதான் அந்த மலையை வண்டி கடந்தது. 2010-இல் அகலப் பாதையாக்கும் வேலைக்காக மூடப்பட்டு 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது. பாதை அகலமானது, மலை மலையாகவே இருந்தது. ஆகவே அகலப் பாதையிலும் பின் இஞ்சின் தேவைப்பட்டது.

மற்றொன்று நீலகிரி மலை இரயில். இதில் சிறப்பு என்னவென்றால் துணை இஞ்சின் என்ற பேச்சே இல்லை. ஒரே இஞ்சின், அதுவும் பின்னால்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், உதகைக்கு 1908-இலும் எட்டிய 46 கிலோமீட்டர் பாதை அது. கல்லாறு தாண்டியவுடன் 12 அடிக்கு 1 அடி என்ற சரிவு வந்துவிடும். அங்கே வெறும் சக்கரம் பிடிக்காது. ஆகையால் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் ஒன்று பதித்து, இஞ்சினின் பற்சக்கரம் அதில் பொருந்தி ஏறுமாறு அமைத்தார்கள். சுவிட்சர்லாந்து நாட்டு வின்டர்தூர் நகரில் செய்யப்பட்ட இஞ்சின்கள் அவை. எப்போதும் இஞ்சின் சரிவின் கீழ்ப்பக்கத்தில் நிற்கும். பெட்டிகள் மேல்பக்கம் இருக்கும். பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஆள் நிற்பார். மேல்நோக்கிச் செல்லும்போது முதல் பெட்டியின் முகப்பில் நிற்பவர் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் காட்டப் பின்னால் இருக்கும் ஓட்டுநர் ஓட்டுவார். 2005-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது. ஊட்டி இரயிலைத் தமிழ்ப் படங்களில் கண்டு மகிழாதவர் நம்மில் யார்? அடுத்த முறை காணும்போது இஞ்சின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கவனியுங்கள்.

இனி நம்முடைய பேராக்கிற்கு வருவோம். இலங்கையில் காப்பிச் செடியை இலை நோய் அழித்தபோது, தோட்டம் இழந்த துரைமார் பலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். பேராக்கிலும் சிலாங்கூரிலும் முதலில் காப்பியையும், பின்னர் பால்மரத்தையும் நட்டனர். 1877-இல் கோலகங்சாரில் சர் ஹியூ லோ நட்டுவைத்த ரப்பர் கன்றுகளின் வழித்தோன்றல்களே பின்னாளில் சுங்கை சிப்புட் தொடங்கி நம் தோட்டங்களை எல்லாம் நிறைத்தன என்பது பள்ளிப் பாடம். துரைகளின் பின்னால் கங்காணி வந்தார். கங்காணியின் பின்னால் நம் பாட்டனும் பாட்டியும் வந்தார்கள். இரயில்வே இலாகாவுக்கோ இலங்கையிலிருந்து பொறியாளர்களும், அவர்களைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்துக் கிராணிமார்களும் நிலைய அதிகாரிகளும் வந்தனர். ஆங்கிலம் கற்ற அவர்கள் நிலையத்தின் உள்ளே அமர்ந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்த நம்மவர் நிலையத்திற்கு வெளியே, தண்டவாளத்தின்மேல் நின்றார்கள். இரு சாராரும் ஒரே மொழி பேசினும் லயங்கள் வேறு, கோயில்களும் பல இடங்களில் வேறு. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

கிந்தாப் பள்ளத்தாக்கில் பாதை 1893-இல் தெலுக் ஆன்சன் பக்கமிருந்து தொடங்கி, 1895-இல் ஈப்போவை எட்டியது. அந்தக் காலத்தில், 1894 செப்டம்பர் 17-ஆம் நாள், தன் கூட்டத்தைக் காக்க ஓடிவந்த காட்டு யானை ஒன்று தெலுக் ஆன்சன் அருகே இரயிலை மோதித் தடம் புரட்டி, தானும் மாண்டது. ஏற்றத்திற்கு அஞ்சாத இஞ்சின் யானைக்கு அஞ்ச வேண்டியிருந்தது! 1900-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பேராக் ஆற்றின் குறுக்கே காராய் அருகில் விக்டோரியா பாலத்தை சுல்தான் இட்ரிஸ் திறந்து வைத்தார். 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை பாதை ஒன்றாக இணைந்தது.

அந்த இணைப்பில் கடினமான பகுதி கோலகங்சாருக்கும் தைப்பிங்குக்கும் இடையே உள்ள கணவாய். பாடாங் ரெங்காஸ் கடந்தவுடன் மலைகள் இரு பக்கமும் நெருங்கிவரும். புக்கிட் பெராப்பிட் என்ற அந்த இடத்தின் பெயரிலேயே நெருக்கம் என்ற பொருள் இருக்கிறது. கடுகண்ணாவையோடு ஒப்பிட்டால் நம் கணவாய் சிறியதே. மலாயாவின் மேற்குப் பாதை கூடியவரை கடற்கரையை ஒட்டிய தாழ்நிலத்திலேயே அமைக்கப்பட்டதால், இலங்கையைப் போல வானுக்கு ஏற வேண்டிய அவசியம் இங்கே இல்லை. ஆயினும் வளைவு மேல் வளைவாகவும், சிறு சிறு குகைகளின் வழியாகவும் மலையைச் சுற்றிச் சுற்றித்தான் பாதை ஏறியது. போதாக்குறைக்கு மழை. தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. நனைந்த தண்டவாளத்தில் பிடிமானம் எவ்வளவு குறையும் என்று முன்பே கணக்குப் பார்த்தோம். நாட்டின் பெருமழை பெய்யும் இடத்திலேயே இந்த ஏற்றமும் வாய்த்தது.

என் சிறு வயதில், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த நாட்களில், பள்ளி விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்கு அந்த வழியே இரயிலில் சென்றிருக்கிறேன். அப்போது டீசல் இஞ்சின். கணவாயில் வண்டி மெதுவாகிவிடும். சன்னலுக்கு வெளியே கைநீட்டினால் இலை தொடும். தொட்டவன் தலையில் குட்டும் விழும். குகைக்குள் நுழைந்தால் பெட்டி முழுவதும் எண்ணெய்ப் புகை. வழியில் தண்டவாளத்தின் ஓரமாக ஒதுங்கி நின்று, வண்டி கடக்கும்வரை சம்மட்டியை ஊன்றிக்கொண்டிருக்கும் ஆட்களைப் பார்ப்போம். அவர்களில் பலர் தமிழர். கையசைத்தால் சிலர் அசைப்பார்கள். சிலருக்கு அதற்கும் தெம்பிராது.

என் பாட்டனார் அந்த வேலை செய்தவர். ‘கேங்’ என்று அதற்குப் பெயர். ஒரு தண்டலின் கீழ் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திற்கும் சில மைல் பாதை. விடியற்காலையில் ஒருவர் அந்தத் தூரம் முழுவதையும் நடந்து, தண்டவாளத்தைக் கட்டைகளோடு இறுக்கும் ஆப்புகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போவார். சத்தத்தை வைத்தே தளர்ந்தது எது என்று தெரிந்துவிடுமாம். ஏற்றத்தில் இந்த வேலை இரட்டிப்பு. ஏறும் இஞ்சின் தண்டவாளத்தைக் கீழ்நோக்கி உதைக்கும். இறங்கும் வண்டியின் பிரேக்கும் அதே பக்கமே தள்ளும். இரண்டும் சேர்ந்து தண்டவாளமே மெல்ல மெல்லச் சரிவில் கீழிறங்கிவிடும். வளைவுகளில் அது வெளிப்பக்கமாகவும் நகரும். பெய்த மழையில் கல்லும் மண்ணும் கரையும். நகர்ந்ததை மீண்டும் மேலே தள்ளி, கல் இட்டு இறுக்க வேண்டும். இழுக்கும் இஞ்சின் ஒன்றா இரண்டா என்பதைப் பற்றிப் பொறியாளர் எழுதிவைத்த கோப்புகள் உண்டு. நாள்தோறும் தண்டவாளத்தை மேலே தள்ளிய ஆட்களின் பெயர்கள் சம்பளப் பதிவேட்டிலன்றி வேறெங்கும் இருந்ததில்லை. அரசாங்கக் கோப்புகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழைய சம்பளப் பதிவேடுகள்தாம் முதலில் கழிக்கப்படுபவை.

துணை இஞ்சினை ஒழித்துவிட வேண்டும் என்ற எண்ணம் இரயில்வே நிர்வாகங்களுக்கு எப்போதும் இருந்து வந்தது. அதற்குக் காரணம் செலவு. ஓர் இஞ்சின், ஓர் ஓட்டுநர், ஒரு கரிவீசுபவர். பாதி நேரம் வெறுமனே காத்திருப்பு. ஒற்றைப் பாதையில் அது தனியே இறங்கி வரும்வரை மற்ற வண்டிகளும் காத்திருக்க வேண்டும். இலங்கையில் 1927-இல் மான்செஸ்டர் நகரத்து பையர் பீக்காக் ஆலையிலிருந்து ‘காரட்’ வகை இஞ்சின் ஒன்றைத் தருவித்தார்கள். ஒரே கொதிகலனின் கீழ் இரண்டு இஞ்சின்களின் சக்கரத் தொகுதிகளை வைத்தாற்போன்ற அமைப்பு அது. வளைவில் நடுவே மடங்கும்; இரண்டு இஞ்சின்களின் வேலையை ஒரே ஓட்டுநர் செய்வார். 1945-இல் மேலும் எட்டு வந்தன. 1950-களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாடு டீசல் இஞ்சின்களை அளித்தது. அவற்றுக்கு ஒண்டாரியோ, அல்பர்ட்டா என்று கனடிய மாநிலங்களின் பெயர்களையே சூட்டினர். இந்தியாவில் பம்பாய் - டில்லி ராஜதானி வண்டி ஒன்றுக்கு 2019-இல் முன்னும் பின்னும் நிரந்தரமாகவே இஞ்சின்கள் பூட்டி, வழியில் துணை இஞ்சின் சேர்க்கவும் கழற்றவும் நிற்கும் நேரத்தை மிச்சப்படுத்தினார்கள். துணைக்கு வந்தவர் குடும்பத்தில் ஒருவராகிவிட்ட கதை!

மலாயாவில் நீராவி இஞ்சின்கள் 1970-களில் விடைபெற்றன. கணவாய் மட்டும் இருந்தது. அதற்கும் ஒரு முடிவு வந்தது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான 329 கிலோமீட்டர் மின்சார இரட்டைப் பாதைத் திட்டம் 2008-இல் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தில் கணவாயைச் சுற்றி ஏறுவதைக் கைவிட்டு, புக்கிட் பெராப்பிட் மலையையே குடைந்து, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்திற்கு இரட்டைச் சுரங்கம் அமைத்தார்கள். ஏற்றத்தை வெல்ல மனிதன் கண்ட வழிகளில் கடைசியானது இதுதான்: ஏறாமலிருப்பது. 2015-இல் இ.டி.எஸ். மின்சார வண்டிகள் பாடாங் பெசார் வரை ஓடத் தொடங்கின.

இப்போது ஈப்போவில் ஏறி அமர்ந்தால் கோலகங்சார் வந்ததே தெரியாது. பாடாங் ரெங்காஸ் கடந்ததும் சன்னல் கறுத்துப் போகும், கைத்தொலைபேசியில் கண் வைத்திருக்கும் பிள்ளைகள் தலை நிமிர்வதற்குள் மறுபக்கம் வெளிச்சம் வந்துவிடும், அடுத்தது தைப்பிங். பழைய பாதையும் அதன் சிறு குகைகளும் மலையின் மேற்புறத்தில் காட்டுக்குள் கிடக்கின்றன. போர்ட் வெல்ட் பாதையும் பெயர்த்து எடுக்கப்பட்டுவிட்டது. கோல செப்பெத்தாங் கடைத்தெருவில் ‘போர்ட் வெல்ட்’ என்று எழுதிய நிலையப் பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது. அதில் ஊர்ப்பெயர் தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது.